சுற்றுச்சூழல் சட்டமுன்வடிவும் உறுப்பினரின் வாக்கும்: பதிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையில் நிலம், நீர், காடு தொடர்பாக வரும் சட்டமுன்வடிவுகளைப் பின்தொடர்ந்து, எந்தக் கட்சி என்ன நிலை எடுத்தது, எந்த உறுப்பினர் என்ன பேசினார் என்று பதிவு செய்யும் பணிக்கு இளைஞர்கள் பலர் புதிதாக வருகிறார்கள். தேர்தல் நேரத்தில் மட்டும் ஏரியைப் பற்றிக் கேட்டுவிட்டு ஐந்தாண்டுகள் மறந்துவிடும் வழக்கம் இதனால் மாறும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அண்மையில் அவர்கள் எழுதிய குறிப்புகளைச் சரிபார்த்துக் கொடுத்தபோது, முன்பு இந்தப் பணிக்கு வந்தவர்கள் இடறிய அதே இடங்களில்தான் இவர்களும் இடறுகிறார்கள் என்பதைக் கண்டேன். தேதியை மாற்றிப் போடுவது, தொகுதியின் பெயரைப் பிழையாக எழுதுவது போன்றவற்றை ஒருமுறை சுட்டிக்காட்டினாலே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அவையில் அறிவிக்கப்பட்டதெல்லாம் அவை நிறைவேற்றியதன்று

ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கான தடையைப் பேரவை நிறைவேற்றிய சட்டம் என்று எழுதாத புதியவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். 2018 ஜூன் 5 அன்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி பேரவை விதி 110-இன் கீழ் அந்த அறிவிப்பை வெளியிட்டார். விதி 110-இன் கீழ் படிக்கப்படும் அறிக்கையின் மீது விவாதமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. அதே மாதம் அரசாணை வந்தது. அதன் அதிகாரம் மத்திய அரசின் 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து பெறப்பட்டது. 2019 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. ஆகவே இதில் ஆதரித்து வாக்களித்தவர், எதிர்த்து வாக்களித்தவர் என்று யாரையும் பட்டியலிட முடியாது. சரணாலயங்களை அறிவிப்பதும் பெரும்பாலும் இப்படி அரசின் அறிவிக்கையால் நடப்பதே.

குரல் வாக்கெடுப்பிலிருந்து ஒருவரின் வாக்கைக் கண்டுபிடிப்பது

எல்லாவற்றிலும் அதிக இழப்பை உண்டாக்கும் தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் மீண்டும் மீண்டும் குறிப்புகளில் தலைகாட்டுவதால், இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது.

ஒரு சட்டமுன்வடிவு நிறைவேறும் முறையை முதலில் பார்ப்போம். அமைச்சர் அதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முன்மொழிகிறார். பேரவைத் தலைவர், ஏற்பவர்கள் 'ஆம்' என்றும் மறுப்பவர்கள் 'இல்லை' என்றும் சொல்லுமாறு கேட்கிறார். எழும் குரல்களை வைத்து 'ஆம்' என்போரே அதிகம் என்று அறிவிக்கிறார். பிரிவுகளும் இதே முறையில் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்கப்பட்டு, சட்டமுன்வடிவு நிறைவேறியதாக அறிவிக்கப்படுகிறது. யார் 'ஆம்' என்றார், யார் வாய் திறக்காமல் இருந்தார், யார் அந்த நேரத்தில் அவைக்கு வெளியே இருந்தார் என்பது எங்கும் எழுதப்படுவதில்லை. நடவடிக்கைக் குறிப்புகளின் ஆயிரம் பக்கங்களைப் புரட்டினாலும் அது கிடைக்காது.

அரசமைப்புச் சட்டத்தின் 189-ஆவது உறுப்பு, அவையில் இருந்து வாக்களிப்பவர்களின் பெரும்பான்மையே முடிவு என்று சொல்கிறது. அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 234 பேர் கொண்ட நம் பேரவைக்கு 24 பேர். மீதிப் பேர் இல்லாமலேயே ஒரு சட்டம் முறைப்படி நிறைவேறலாம் என்னும்போது, 'நிறைவேறியது' என்ற ஒரு சொல்லிலிருந்து நம் தொகுதி உறுப்பினர் ஆதரித்து வாக்களித்தார் என்ற முடிவுக்கு எப்படி வர முடியும்?

இது சொல் திருத்தம் பற்றிய கவலை மட்டுமன்று என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு நிகழ்வு சான்று. தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டமுன்வடிவு 2023 ஏப்ரல் 21 அன்று பேரவையில் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் அமையும் திட்டங்களுக்காக, இடையில் இருக்கும் நீர்நிலைகள், வாய்க்கால்கள் உள்ளிட்ட அரசு நிலங்களையும் ஒருங்கிணைக்க அது வழி செய்கிறது. ஏரிப் பாசனத்தை நம்பிய ஒரு பகுதியில் சில இளைஞர்கள் அந்தச் சட்டத்தை நுணுக்கமாகப் படித்து, எந்தப் பிரிவு எந்த வாய்க்காலைப் பாதிக்கக்கூடும் என்று வரைபடத்தோடு ஒரு துண்டறிக்கை தயாரித்தார்கள். நான் பார்த்த துண்டறிக்கைகளில் அது மிகச் சிறந்தது. ஆனால் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், தங்கள் தொகுதி உறுப்பினர் இந்தச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார் என்று அச்சிட்டுவிட்டார்கள்.

அடுத்து நடந்த கூட்டத்தில் உறுப்பினர் தரப்பிலிருந்து வந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: எந்தப் பக்கத்தில் அப்படிப் பதிவாகியிருக்கிறது? காட்டுவதற்கு ஒரு பக்கமும் இல்லை. அவர் அன்று ஆதரித்திருக்கலாம், பேசாமல் இருந்திருக்கலாம், அவையிலேயே இல்லாமல் இருந்திருக்கலாம். யாராலும் நிறுவ முடியாது. அதன் பிறகு அந்தக் கூட்டத்தில் வாய்க்காலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வரைபடத்தை யாரும் விரித்துப் பார்க்கவில்லை. துண்டறிக்கையில் கையெழுத்திட்டிருந்த முதிய விவசாயிகள், பொய் சொன்னவர்கள் என்ற பேச்சைக் கேட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். சட்டத்தின் மீது அவர்கள் எழுப்பிய ஆட்சேபங்களில் ஒன்றுகூடத் தவறில்லை. சரிபார்க்க முடியாத ஒரு வரி அத்தனையையும் அடித்துக்கொண்டு போனது.

இந்தத் தவறின் வேர் எங்கே இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். அமெரிக்காவில் 'லீக் ஆஃப் கன்சர்வேஷன் வோட்டர்ஸ்' என்ற அமைப்பு 1970-கள் முதல் அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சுற்றுச்சூழல் மதிப்பெண் பட்டியல் வெளியிட்டு வருகிறது. மாநில அளவிலும் அதன் துணை அமைப்புகள் அவ்வாறே செய்கின்றன. அங்கே உறுப்பினரின் பெயரும் வாக்கும் பதிவாகும் வாக்கெடுப்பு வழக்கமானது என்பதால் அந்தப் பட்டியலுக்கு அடிப்படை இருக்கிறது. நம் இளைஞர்கள் அந்தப் பட்டியலின் கட்டங்களை அப்படியே வரைந்துகொண்டு, நிரப்பத் தரவு இல்லாத இடத்தில் கட்சியின் நிலையை உறுப்பினரின் வாக்காக எழுதிவிடுகிறார்கள். கட்டம் காலியாக இருப்பது அவர்களுக்குக் குறையாகத் தெரிகிறது. காலியாக இருப்பதுதான் உண்மை என்றால் அப்படியே விட்டுவைக்க வேண்டும்.

நம் பேரவையிலும் பெயரோடு வாக்குப் பதிவாக வழி இல்லாமல் இல்லை. குரல் வாக்கெடுப்பின் முடிவை ஏற்காத உறுப்பினர், எண்ணிக் கணிக்க வேண்டும் என்று கோரலாம். 2017 பிப்ரவரி 18 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணி, ஆதரவு 122, எதிர்ப்பு 11 என்று அறிவித்தார்கள். ஆட்சி நிலைக்குமா என்ற கேள்விக்குப் பயன்படும் இந்த வழியை ஏரிகளையும் வாய்க்கால்களையும் பாதிக்கும் ஒரு சட்டத்துக்குக் கோரும் உறுப்பினர்கள் மிக அரிது. அதனால்தான், முக்கியமான சட்டமுன்வடிவு வருகிறது என்று தெரிந்தால், ஆதரியுங்கள் அல்லது எதிர்த்துப் பேசுங்கள் என்று கேட்பதோடு, எண்ணிக் கணிக்கும் வாக்கெடுப்பைக் கோருங்கள் என்றும் உறுப்பினரிடம் எழுத்தில் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்தி வருகிறேன்.

அது நடக்காதவரை எழுதத்தக்கது என்ன? சட்டமுன்வடிவு குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது என்று எழுதலாம். விவாதம் நடந்திருந்தால் அதில் பேசியவர்களின் பெயர்களையும் அவர்கள் சொன்னதையும் நடவடிக்கைக் குறிப்பின் பக்க எண்ணோடு கொடுக்கலாம். திருத்தம் கொடுத்தவர் யார், துறைக்கு நிதி கேட்கும் மானியக் கோரிக்கையில் தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுத்தவர் யார், கேள்வி நேரத்தில் அந்த ஏரியைப் பற்றிக் கேட்டவர் யார் என்பவை பெயரோடு பதிவாகின்றன. உறுப்பினருக்கே கடிதம் எழுதி நிலைப்பாட்டைக் கேட்டு, வந்த பதிலையோ பதில் வராததையோ தேதியோடு வெளியிடலாம். இவற்றை வைத்து ஓர் உறுப்பினரைப் பற்றி மிகக் கடுமையாகவே எழுத முடியும். பக்கத்தைக் காட்டு என்று கேட்டால் காட்டவும் முடியும்.

வருகைப் பதிவு

அன்று அவைக்கு வந்திருந்தார் என்பது, வாக்கெடுப்பின்போது இருக்கையில் இருந்தார் என்பதற்குச் சான்றாகாது.

வெளிநடப்பை எதிர்வாக்காக எண்ணுவது

2020 பிப்ரவரி 20 அன்று பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டமுன்வடிவு பேரவைக்கு வந்தது. டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதற்கான ஆய்வும் துளையிடலும், தாமிர உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவையும் வருவதைத் தடுப்பதே அதன் நோக்கம். சட்டமுன்வடிவை விரிவாக ஆராயும் உறுப்பினர் குழுவான தேர்வுக் குழுவுக்கு அதை அனுப்ப வேண்டும் என்று கோரி, அப்போதைய எதிர்க்கட்சியான திராவிட முன்னேற்றக் கழகம் வெளிநடப்புச் செய்தது. வேளாண் மண்டலத்தையே எதிர்த்தார்கள் என்று அந்த நாளைப் பற்றி இன்றும் எழுதுகிறவர்கள் உண்டு. முதலில் பேசப்பட்ட திருச்சிராப்பள்ளி, அரியலூர், கரூர் ஆகிய மாவட்டங்கள் சட்டமுன்வடிவில் இடம்பெறவில்லை. ஏற்கெனவே நடந்துவரும் திட்டங்களையும் அது தொடவில்லை. விரிவாக ஆராய்ந்து இன்னும் வலுவாக்குங்கள் என்று கேட்டு வெளியேறுவதும், இந்தச் சட்டமே வேண்டாம் என்று வெளியேறுவதும் பதிவில் வேறுவேறாக இருக்க வேண்டும். வெளிநடப்புக்கு முன் அக்கட்சியின் உறுப்பினர் சொன்ன காரணத்தைப் படிக்காமல் அதற்கு ஒரு பொருளை நாம் ஏற்றக் கூடாது.

வெளியேறியவர் வாக்களிக்கவில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். எதிர்ப்பு என்ற பத்தியில் அவரைச் சேர்க்கக் கூடாது. வெளிநடப்புக்குத் தனிப் பத்தி வேண்டும். எந்தப் பொருளுக்கான வெளிநடப்பு என்பதையும் பார்க்க வேண்டும். நில ஒருங்கிணைப்புச் சட்டமுன்வடிவு நிறைவேறிய அதே நாளில், வேலை நேரம் தொடர்பான தொழிற்சாலைகள் திருத்தச் சட்டமுன்வடிவை எதிர்த்து ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. இரண்டையும் ஒன்றாகப் பிணைத்து, நிலச் சட்டத்தை எதிர்த்து வெளியேறினார்கள் என்று எழுதப்பட்ட குறிப்பு ஒன்று என் கைக்கே வந்தது.

கொறடாவின் கட்டளையை மறப்பது

எண்ணிக் கணிக்கும் வாக்கெடுப்பு நடந்து, பெயர்கள் கையில் கிடைத்தாலும், அது அந்த மனிதரின் சுற்றுச்சூழல் அக்கறையை அளந்து காட்டிவிடாது. 1985-இல் அரசமைப்பின் 52-ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட, கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணையின்படி, கொறடா வழியாக வரும் கட்சியின் கட்டளைக்கு மாறாக முன்அனுமதியின்றி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் விலகினாலோ, கட்சி 15 நாள்களுக்குள் அதைப் பொறுத்துக்கொள்ளாவிட்டால், உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். 1992-இல் உச்ச நீதிமன்றம் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் இந்த அட்டவணையின் செல்லுபடியை ஏற்றுக்கொண்டு, அரசின் நிலைப்பைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புக்கும் கட்சியின் அடிப்படைக் கொள்கை சார்ந்த பொருளுக்கும் மட்டுமே இத்தகைய கட்டளை பொருந்த வேண்டும் என்றது. ஆனால் ஒரு மாநிலச் சட்டமுன்வடிவில் கட்சியை மீறிப் பார்க்க எந்த உறுப்பினரும் எளிதில் துணிவதில்லை. எனவே வாக்கைக் கட்சியின் கணக்கிலும், பேச்சு, திருத்தம், கேள்வி ஆகியவற்றை உறுப்பினரின் கணக்கிலும் எழுதுவதே நேர்மையான முறை என்று கருதுகிறேன். ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர், வாக்கு எப்படியானாலும், தன் தொகுதிக் கழிவுநீரைப் பற்றி அமைச்சரிடம் விடாமல் கேட்டிருந்தால் அது பதிவாக வேண்டும்.

தீர்மானங்கள் எல்லாம் ஒரே வகையல்ல

மதுரை மாவட்டம் நாயக்கர்பட்டியில் மத்திய அரசு ஏலம் விட்ட டங்ஸ்டன் சுரங்க உரிமையை ரத்து செய்யக் கோரி 2024 டிசம்பர் 9 அன்று பேரவை நிறைவேற்றிய தீர்மானம் மத்திய அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தக்கூடியதன்று. அதன் வலிமை அரசியல் வலிமை. அரிட்டாபட்டி வட்டார மக்களின் போராட்டமும் சேர்ந்து, 2025 ஜனவரி 23 அன்று அந்த ஏலம் ரத்தானது. ஆனால் மாநிலப் பட்டியலில் உள்ள ஒரு பொருளில் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வழிவிட்டு, அரசமைப்பின் 252-ஆவது உறுப்பின்படி மாநிலங்கள் நிறைவேற்றும் தீர்மானம் வேறு வகையானது. தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருப்பதால், 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இந்த வழியில்தான் பிறந்தது. பல குற்றங்களுக்குச் சிறைத் தண்டனையை நீக்கி ரூ.10,000 முதல் ரூ.15 லட்சம் வரை அபராதம் என்று மாற்றிய 2024-ஆம் ஆண்டுத் திருத்தம், முதலில் இமாச்சலப் பிரதேசம், ராஜஸ்தான், ஒன்றியப் பகுதிகள் ஆகியவற்றுக்கு மட்டுமே பொருந்தியது. மற்ற மாநிலங்கள் தத்தம் பேரவையில் தீர்மானம் நிறைவேற்றி அதை ஏற்க வேண்டும். சில வரிகளே கொண்ட அத்தகைய தீர்மானம், ஆறுகளை மாசுபடுத்துவோருக்கான தண்டனையையே மாற்றிவிடும். நாளிதழ்களில் இடம் பெறாமல் போகக்கூடிய இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

நில ஒருங்கிணைப்புச் சட்டமுன்வடிவு வருவாய்த் துறையிலிருந்து வந்தது. சுற்றுச்சூழல் துறையின் பட்டியலை மட்டும் பார்த்தவர்கள் அதைத் தவறவிட்டார்கள். ஹரியானாவில் 2019 பிப்ரவரி 27 அன்று நிறைவேறிய திருத்தத்தின் பெயரில் 'நிலப் பாதுகாப்பு' என்ற சொல் இருந்தது. அது ஆரவல்லி மலைத்தொடரின் பாதுகாக்கப்பட்ட நிலங்களைக் கட்டுமானத்துக்குத் திறந்துவிடும் என்ற அச்சத்தால், சில நாள்களிலேயே உச்ச நீதிமன்றம் தன் அனுமதியின்றி அதன்படி நடக்கக் கூடாது என்றது.

நிறைவேறிய நாளோடு நிறுத்திக்கொள்வது

தமிழ்நாடு நிலத்தடி நீர் (மேம்பாடு மற்றும் மேலாண்மை) சட்டம் 2003-இல் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வராமலேயே 2013-இல் நீக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டுகளில் ஆழ்துளைக் கிணறுகளைக் கட்டுப்படுத்த மாநிலத்தில் சட்டம் இருக்கிறது என்று நம்பி மனு எழுதியவர்களை நான் அறிவேன். எனவே நிறைவேறிய தேதிக்குப் பக்கத்தில் ஆளுநரின் அல்லது குடியரசுத் தலைவரின் ஒப்புதல், அரசிதழில் வெளியான நாள், நடைமுறைக்கு வந்த அறிவிக்கை, விதிகள் என்று நான்கு பத்திகளைத் திறந்து வைத்து, ஒவ்வொரு கூட்டத் தொடருக்குப் பிறகும் அவற்றை நிரப்பிவர வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வராமல் கிடந்தால், ஏன் வரவில்லை என்று அடுத்த கேள்வி நேரத்தில் கேட்கும்படி, விவாதத்தில் அதை ஆதரித்துப் பேசிய உறுப்பினர்களுக்கே முதலில் கடிதம் எழுத வேண்டும்.