பழையாற்றோடு ஏறி, தாமிரபரணியோடு இறங்கி: குமரி மலையடிவாரத்தில் ஒரு சைக்கிள் பயணம்

குமரி மாவட்டத்துக்குச் சைக்கிளோடு வருகிறவர்களில் பலர், வரைபடத்தில் பெரிய ஊர்களைக் குறித்துக்கொண்டு அவற்றை இணைக்கும் சாலையிலேயே போய்விடுகிறார்கள். களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று பஸ்ஸுக்கும் டாரஸ் லாரிக்கும் நடுவே ஓட்டிவிட்டு, இங்கே சைக்கிளுக்கு வழியே இல்லை என்று வருத்தத்தோடு திரும்புகிறார்கள். வழி இருக்கிறது. ஊரை விட்டுவிட்டு ஆற்றைப் பார்த்துத் திட்டம் போட வேண்டும். திருவட்டார்ப் பக்கம் தபால் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்றவன் நான். எந்த மேட்டில் மூச்சு வாங்கும், எந்த வளைவில் நிழல் கிடைக்கும் என்பது வேலையில் படிந்த அறிவு. அதை வைத்துத்தான் இந்த வழியைச் சொல்கிறேன்.

பழையாறு சுருளோட்டுப் பகுதியில் தொடங்கி மணக்குடியில் கடலில் சேர்கிறது. அந்த ஆற்றை எதிர்த்து மேலே போய், மேட்டைக் கடந்து, பரளியாற்றின் பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும். பிறகு கோதையாற்றைத் தொட்டு, இரண்டும் கூடும் மூவாற்றுமுகம் தாண்டி, குழித்துறைத் தாமிரபரணியோடு (நெல்லையில் ஓடும் தாமிரபரணி வேறு) தேங்காப்பட்டணம் கடல்வரை போகலாம். இரண்டு நாளில் முடியும். மூன்று நாள் ஒதுக்கினால் அவசரம் இருக்காது.

எப்போது வருவது? இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கும் அக்டோபரில் வடகிழக்கும் பிடித்துக்கொள்ளும். கிறிஸ்துமஸ் கழிந்து பிப்ரவரிவரை வானம் தெளிவாக இருக்கும் என்பதால் எல்லாரும் அந்த மாதங்களைத்தான் சொல்வார்கள். ஆனால் ரப்பர் மரம் இலை உதிர்ப்பதும் அப்போதுதான். தோட்டத்துக்குத் தோட்டம் மொட்டை மரமாக நிற்கும், பத்து மணிக்கு மேல் சாலையில் நிழல் கிடைக்காது. என்னைக் கேட்டால் ஆவணி மாதம். மழை கொஞ்சம் ஓய்ந்திருக்கும், இலை அடர்ந்திருக்கும், கால்வாய்களில் தண்ணீர் ஓடும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளிலிருந்து பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் முதல் பிப்ரவரி வரை தண்ணீர் திறப்பார்கள். மார்ச், ஏப்ரலில் வந்தால் கால்வாயும் காய்ந்து கிடக்கும், வெயிலும் வாட்டும்.

இந்த வழியில் ஊட்டி மலைபோல நீண்ட ஏற்றம் கிடையாது. கல்குளம், விளவங்கோடு பக்கத்து நிலம் முழுவதும் சிறு குன்றுகள். முந்நூறு மீட்டர் தூரத்துக்குச் செங்குத்தான ஏற்றம், உடனே இறக்கம், அடியில் ஓர் ஓடை, மறுபடி ஏற்றம். இப்படியே நாள் முழுக்க வரும். ஒவ்வோர் ஏற்றத்திலும் எழுந்து நின்று மிதித்தால் மதியத்துக்குள் தொடை இறுகிவிடும். பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் 32 அல்லது 34 பல் கொண்டதாக இருக்கட்டும். இறக்கம் முடியும் இடத்தில், ஓடைப் பாலத்துக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். ஏறத் தொடங்கியபின் மாற்றினால் செயின் இழுபட்டுச் சிக்கும். 38 அல்லது 40 மில்லிமீட்டர் டயர் போதும். மழைக்காலமானால் காற்றைச் சற்றுக் குறைத்து வையுங்கள், ஈரத்தில் பிடிப்பு கிடைக்கும். நனைந்த ரப்பர் இலை படிந்த வளைவிலும், வெயில் படாத ஓடைப் பாலத்தில் படர்ந்த பாசியிலும் பிரேக் பிடிக்கக் கூடாது. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துக்கொள்ள வேண்டும். சுமையைப் பின்கேரியரின் இரண்டு பக்கமும் தாழ்வாகக் கட்டுங்கள். முதுகில் பை வேண்டாம், இங்குள்ள புழுக்கத்தில் முதுகு வெந்துவிடும்.

முதல் நாள் விடியும் முன்பே நாகர்கோவிலை விட்டுக் கிளம்புங்கள். இறச்சகுளம், பூதப்பாண்டி வழியாக அழகியபாண்டியபுரம் போகும்வரை நாஞ்சில் நாட்டு வயல்களும் குளங்களும். தரை அநேகமாகச் சமம். பூதப்பாண்டி பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தம் பிறந்த ஊர். அங்கே நின்று மலையைப் பாருங்கள், ஒரு பெண் மல்லாந்து படுத்ததுபோலத் தெரியும். அதற்குத் தாடகை மலை என்று பெயர்.

தடிக்காரன்கோணம் வந்ததும் காற்றே மாறிவிடும், ரப்பர் தோட்டம் தொடங்கிவிட்டது. இங்கே ஐந்து நிமிடம் சைக்கிளை நிறுத்தி, பால்வெட்டும் தொழிலாளியின் கையைக் கவனியுங்கள். நெற்றியில் விளக்கு கட்டியிருப்பார். முந்தைய வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரித்துக் கூடையில் போடுவார். பிறகு கத்தியைச் சாய்த்து, பட்டையை நகக்கனத்துக்கு மட்டும் சீவிக்கொண்டு வருவார். சற்று ஆழம் போனாலும் மரம் காயப்படும். சீவிய கோட்டில் வெள்ளையாகப் பால் அரும்பி, சரிந்து, சிரட்டையில் சொட்டும். வெயில் ஏறினால் பால் வரத்து குறையும் என்பதால்தான் இருட்டிலேயே வேலை தொடங்குகிறது. அந்த நேரத்தில் தோட்டச் சாலைகளில் தொழிலாளர்களின் நடமாட்டம் இருக்கும், வழி கேட்கவும் ஆள் கிடைக்கும். பேச அவர்களுக்கு நேரம் இருக்காது. கேள்வியைச் சுருக்கமாகக் கேட்டு, நன்றி சொல்லி நகருங்கள்.

தடிக்காரன்கோணத்திலிருந்து கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் ஒரு சாலை பிரிகிறது. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது காட்டுக்குள் போகும் வழி, வனத்துறைச் சோதனைச்சாவடியில் கேட்டு, அனுமதி இருந்தால் மட்டுமே உள்ளே போக வேண்டும். பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு போகும் சாலைக்கும் இதே விதி. 2023 ஜூனில் அரிக்கொம்பன் யானையைக் கொண்டுவந்து விட்டது அந்த மேல்கோதையாற்றுக் காட்டில்தான். சாலையில் ஈரம் காயாத யானைச் சாணமோ, புதிதாக ஒடிந்த மூங்கிலோ கண்டால் மணி அடிக்காமல், சத்தம் போடாமல் திரும்பிவிடுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் காட்டோரச் சாலையில் சைக்கிளில் இருக்கக் கூடாது என்பது என் கண்டிப்பான விதி. யார் துணைக்கு வந்தாலும் அதைத் தளர்த்துவதில்லை.

சுருளோடு தாண்டி மேட்டைக் கடந்தால் பெருஞ்சாணி. பரளியாற்றின் குறுக்கே உள்ள அணை. சற்றுக் கீழே புத்தன் அணை. இந்த மாவட்டத்து நீர்ப்பாசனத்தின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. பேச்சிப்பாறைத் தண்ணீர் இடதுகரைக் கால்வாய் வழியாக வந்து இங்கே பரளியாற்றோடு சேர்ந்து, பாண்டியன் கால், பத்மநாபபுரம் புத்தனாறு என்ற கால்வாய்களில் பிரிந்து நாஞ்சில் நாட்டுக்கும் கல்குளத்துக்கும் போகிறது. காலையில் நீங்கள் பார்த்த வயலுக்குத் தண்ணீர் போகும் வழி இது. கால்வாய் சீரான சரிவில் ஓட வேண்டும், அதனால் அதன் கரைப் பாதையும் மேடு பள்ளம் இல்லாமல் போகும். ஏற்றத்தில் சலித்துப்போனால், அருகில் கால்வாய்க்கரைப் பாதை எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். கரை உடைந்த இடத்தில் இறங்கித் தள்ளுங்கள்.

இரவு குலசேகரத்தில் தங்குங்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கிடைத்தால் வேறு எதையும் தேட வேண்டாம். நேரம் மிச்சமிருந்தால் பேச்சிப்பாறை அணைக்குப் போய் வரலாம். 1906-ல் கட்டி முடித்த அணை அது. அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது.

இரண்டாம் நாள் இறக்கமும் நிழலும் கூடுதல். திற்பரப்பில் கோதையாறு பாறையில் விழுகிறது. குளிப்பதானால் காவலர் காட்டும் இடத்தில் மட்டும். மேலே மலையில் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் கூடும். ஒரு தேநீர்க் கடை ஆச்சி, வந்து உட்கார்ந்த பையன்களிடம், "மக்களே, தண்ணீர் கலங்கி வருகிறது, இன்றைக்குப் பாறைக்கு இறங்க வேண்டாம்" என்று சொன்னார். கலங்கல்தான் முதல் அடையாளம்.

திருவட்டாரில் ஆதிகேசவப் பெருமாள் கோயிலை ஆறு மூன்று பக்கமும் சுற்றி ஓடுகிறது. 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022-ல் குடமுழுக்கு நடந்தது. அடுத்து மாத்தூர் தொட்டிப்பாலம். பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குப் பட்டணங்கால் என்ற கால்வாயின் தண்ணீரைக் கொண்டுபோகிறது. 1966-ல் கட்டியது. சைக்கிளைப் பூட்டிவிட்டு மேலே நடந்து போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் தொட்டியில் ஓடும் தண்ணீர், கீழே தென்னந்தோப்புக்கு நடுவே ஆறு. எனக்கு இந்த மாவட்டத்திலேயே பிடித்த இடம் இது.

மூவாற்றுமுகத்துக்குப் பிறகு ஆறு அகன்றுவிடும். தெம்பிருந்தால் ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் உள்ள சிதறால் குன்றுக்கு ஏறலாம். குழித்துறையில் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும். அந்தச் சிறு தூரத்தை இறங்கித் தள்ளியே கடந்துவிடுங்கள். அங்கிருந்து தேங்காப்பட்டணம்வரை வாழையும் தென்னையும்தான். வழியில் மட்டிப் பழம் ஒரு சீப்பு வாங்கி வைத்துக்கொண்டால் மாலைவரை தாங்கும்.

நாகர்கோவிலுக்குத் திரும்பும்போது குளச்சல், முட்டம் வழிக் கடற்கரைச் சாலையில் கிழக்கு நோக்கி வாருங்கள். மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும் காலத்தில் முதுகில் தள்ளும். எதிர்த்திசையில் போனால் சமதரையில்கூடக் கியரைக் குறைக்க வேண்டிவரும். வீடு சேர்ந்த அன்றே செயினையும் பல்சக்கரத்தையும் நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, காய்ந்தபின் எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்று பட்ட செயின் விரைவில் துருப்பிடித்துவிடும்.