அப்பத்தா சேர்த்த சில்லறையை ஊரில் மாற்றுவது எப்படி?

போன முறை வெளிநாட்டிலிருந்து புதுக்கோட்டைப் பக்கம் ஊருக்குப் போனபோது, அப்பத்தாவின் பீரோ அடித்தட்டில் இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு பித்தளைச் செம்பு, ஒரு மண் உண்டியல். எல்லாம் நிறையச் சில்லறை. எண்ணி முடிக்க இரண்டு நாள் சாயங்காலம் ஆனது. பதினோராயிரத்துச் சொச்சம் தேறியது. நேரே வங்கிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். காசாளர் மூட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதெல்லாம் யாரு சார் எண்றது?" அந்த நாள் வீண்.

முதலில் வகைவகையாகப் பிரித்துவையுங்கள். 25 பைசாவும் அதற்குக் கீழ் உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. 50 பைசா இன்றும் செல்லும், கடைக்காரர் முகம் சுளித்தாலும். வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாய் ஒன்றிரண்டு கிடந்தால் தனியே எடுத்து வையுங்கள், அதைச் சில்லறையாகத் தள்ளிவிடக் கூடாது. நூறு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் சட்டப்படி அது தொல்பொருள். நினைவுக்கு என்று பெட்டியில் போட்டு வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி முன்பணம் கட்டவும் வேண்டாம். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று அவர்களே 2021-இல் எச்சரித்திருக்கிறார்கள்.

மளிகைக்கடைத் தராசில் நிறுத்து எண்ணிக்கையைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன், ஏமாந்தேன். பழைய ஸ்டீல் ஒரு ரூபாய் 4.85 கிராம், 2011-இல் வந்தது 3.79 கிராம். கலந்து கிடந்தால் கணக்கு உதைக்கும். கையால்தான் எண்ண வேண்டும். நூறு நூறாகப் பாலிதீன் பையில் கட்டுங்கள். காசாளருக்கு அதுதான் வசதி என்று ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையே சொல்கிறது. எடையையும் யோசியுங்கள். அந்த 2011 ரக ஒரு ரூபாயாகவே பத்தாயிரம் என்றால் கிட்டத்தட்ட 38 கிலோ!

வங்கிக் கிளை நாணயம் வாங்க மறுக்கக் கூடாது. கணக்கில் போடுவதற்கு உச்சவரம்பும் இல்லை. அம்மாவோ சித்தப்பாவோ கணக்கு வைத்திருக்கும் கிளைக்கு, கூட்டம் குறைந்த மத்தியான நேரத்தில், ஒரு தடவைக்கு இரண்டாயிரம் மூவாயிரம் என்று கொண்டுபோங்கள். மறுத்தால் மேலாளரிடம் பேசுங்கள், சட்டத்தை நீட்டுவதற்கு முன் ஒரு வணக்கம் வைத்துவிட்டு. வெளிநாட்டில் வாழும் நீங்கள் அங்கே சம்பாதித்ததைப் போட்டுவைக்கும் என்ஆர்ஈ (NRE) கணக்கில் இந்த ரூபாயைப் போட முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆனால் உண்மையில் எனக்குக் கைகொடுத்தது தெருதான். ஜிபே வந்த பிறகும் பெட்டிக்கடை, டீக்கடை, மருந்துக்கடைக்காரர்கள் சில்லறைக்கு அலைகிறார்கள். இல்லாவிட்டால் மிட்டாய் கொடுக்கிறார்கள். ஒன்று, இரண்டு, ஐந்தை "அண்ணே, சில்லறை வேணுமா?" என்று கேட்டுக் கொடுத்தேன். ஒரே நாள் காலையில் ஆறு கடை, நாலாயிரம் ரூபாய் நோட்டு. கமிஷன் யாரும் கேட்கவில்லை, ஒருவர் டீயே வாங்கிக்கொடுத்தார். ஒரே கடையில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்களில் ஆயிரம் ரூபாய் வரைதான் சட்டப்படி செல்லும், அதற்கு மேல் அவர் வேண்டாம் என்றால் வாதாட முடியாது. 50 பைசாவுக்கு அந்த வரம்பு வெறும் பத்து ரூபாய்.

பத்து ரூபாய் நாணயம்தான் தலைவலி. சென்னையில் போகும், உள்ளூரில் "இது செல்லாது" என்பார்கள். அதுவரை வந்த பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் அதைச் சொல்லி நடத்துநரிடம் சண்டை போட்டால் பஸ் நிற்குமா என்ன? பத்து ரூபாயை மட்டும் வங்கிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அப்புறம், நீங்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் யூரோ, டாலர் சில்லறை. அதற்கு ஊரில் வழியில்லை. வெளிநாட்டுப் பணம் மாற்றும் கடைகளில் பொதுவாக நோட்டு மட்டும்தான் எடுப்பார்கள். விமானம் ஏறும் முன் அங்கேயே ஒரு காபி குடித்துத் தீர்த்துவிட்டு வாருங்கள்.