பேரோல் இன்டர்வியூ போறீங்களா? ஒரு பேஸ்லிப்ப கையால போட்டுப் பாத்துட்டுப் போங்க

பேரோல் ஸ்பெஷலிஸ்ட், அதாவது கம்பெனியில சம்பளக் கணக்கு போடுற வேலைக்குப் போறவங்க நிறைய பேர் நெட்ல கிடைக்கிற கேள்வி பதில மனப்பாடம் பண்ணிட்டுப் போறாங்க. பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) எவ்வளவுன்னா 12%னு எல்லாரும் சொல்லிடுவாங்க, அடுத்த கேள்வியிலதான் மாட்டிக்குவாங்க. அதனால முதல் வேலையா ஒரு பேஸ்லிப்ப எடுத்து, சாஃப்ட்வேர தொடாம, வெறும் பேப்பரும் கால்குலேட்டரும் வச்சு ஒவ்வொரு வரியும் எப்படி வந்துச்சுன்னு போட்டுப் பாருங்க.

பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 20,000, முழு பேசிக்குக்கும் பிஎஃப் கட்டுற கம்பெனின்னு வச்சுக்கலாம். எம்ப்ளாயிகிட்ட 2,400 பிடிப்பாங்க, கம்பெனியும் 2,400 போடும், ஆனா கம்பெனி போடுறது மொத்தமும் பிஎஃப் கணக்குக்குப் போகாது, 8.33% பென்ஷனுக்கு, அதுக்கும் 15,000 வரைக்கும்தான் கணக்கு, ஆக 1,250 பென்ஷன், மிச்சம் 1,150 தான் பிஎஃப். இதுலயும் ஒரு விஷயம் இருக்கு. 2014 செப்டம்பருக்கு அப்புறம் முதல் தடவையா பிஎஃப்ல சேர்றவருக்கு சேரும்போதே பேசிக் 15,000க்கு மேலன்னா பென்ஷனே கிடையாது, 2,400ம் பிஎஃப்க்கே போகும். இத நீங்களா எடுத்துச் சொன்னீங்கன்னா எதிர்ல உக்காந்திருக்கிறவர் நிமிந்து பாப்பார்.

அடுத்தது இஎஸ்ஐ, தொழிலாளர் மருத்துவக் காப்பீடு. இதுக்கு மாசச் சம்பள லிமிட் 21,000, எம்ப்ளாயி 0.75%, கம்பெனி 3.25%. கிராஸ் (பிடித்தத்துக்கு முந்தின மொத்தச் சம்பளம்) 18,350ன்னா 137.63 வரும், அத 138ன்னு மேல ஏத்தணும், கம்பெனி பங்கு 596.38, அது 597. எக்ஸெல்ல சும்மா ரவுண்ட் போட்டா 596ன்னு வந்து நிக்கும், ரவுண்ட்அப் போடணும். அடிக்கடி கேக்குற கேள்வி இது: ஜூலையில இன்கிரிமென்ட் வந்து சம்பளம் 22,000 ஆயிடுச்சு, இஎஸ்ஐய நிறுத்தலாமா? கூடாது, ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் ஒரு பீரியட், அது முடியிற வரைக்கும் முழு 22,000க்கும் பிடிக்கணும்.

புரொஃபஷனல் டாக்ஸ் (தொழில் வரி) நம்ம தமிழ்நாட்டுல ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, மாநகராட்சி மாதிரி உள்ளாட்சிக்குக் கட்டுறது. பெங்களூர்லயும் ஆள் இருக்கிற கம்பெனின்னா அங்க மாசா மாசம் பிடிப்பாங்க, இத தெரிஞ்சு வச்சுக்கங்க.

டிடிஎஸ்ல, அதாவது சம்பளத்துலயே பிடிக்கிற வருமான வரியில, எம்ப்ளாயி எதுவும் சொல்லலன்னா புது ரெஜீம்தான் (புது வரி முறை) டீஃபால்ட், அதுல ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 75,000. 2025-26ல இருந்து சம்பளம் 12,75,000 வரைக்கும் டாக்ஸ் வராது, ஏன் வராதுன்னு ரிபேட்டோட (வரித் தள்ளுபடி) சேத்து விளக்கத் தெரியணும். வருஷ நடுவுல சேர்ந்தவரோட பழைய கம்பெனி சம்பளத்த வாங்கிச் சேக்கலன்னா வருஷக் கடைசியில அவருக்கு டாக்ஸ் மொத்தமா வந்து விழும்.

கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 15/26, அதாவது மாசத்த 26 நாளா எடுத்து ஒரு வருஷ சர்வீஸுக்கு 15 நாள் சம்பளம். பேசிக் 26,000, சர்வீஸ் 7 வருஷம் 8 மாசம்னா 8 வருஷமா எடுத்து 1,20,000. 2025 நவம்பர் 21ல இருந்து லேபர் கோட் (புது தொழிலாளர் சட்டங்கள்) அமலுக்கு வந்திருக்கு, அலவன்ஸ் மொத்தத்துல பாதிய தாண்டினா அந்த மிச்சம் வேஜஸ்லயே சேந்துடும், ஆள் விலகினா சம்பளத்த ரெண்டு வேலை நாளுக்குள்ள செட்டில் பண்ணணும். இப்ப எங்க போனாலும் இது வரும், நல்லா படிங்க. ரேட்டெல்லாம் மாறிக்கிட்டே இருக்கும், போறதுக்கு முந்தின நாள் இபிஎஃப்ஓ, இஎஸ்ஐசி சைட்ட ஒரு தடவை பாத்துக்கங்க.

கணக்கு தாண்டி அவங்க பாக்குறது உங்க ஒழுங்க. ஒரு மாசப் பேரோல் ரன் முடிஞ்சதும் எப்படி செக் பண்ணுவீங்கன்னு கேட்டா, போன மாசம் கைக்கு வந்த நெட் சம்பளத்தையும் இந்த மாச நெட்டையும் எம்ப்ளாயி வாரியா பக்கத்துல பக்கத்துல வச்சு, வித்தியாசம் வந்த ஒவ்வொருத்தருக்கும் ஜாய்னிங், எல்ஓபி (சம்பளமில்லாத லீவு), அரியர் (பழைய பாக்கி)னு காரணம் எழுதுவேன், காரணம் கிடைக்காதவங்கள க்ளியர் பண்ணாம பேங்க் ஃபைல் அனுப்ப மாட்டேன்னு சொல்லுங்க. கட்-ஆஃப் (அந்த மாசக் கணக்குக்கு விவரம் வாங்குற கடைசி நாள்) முடிஞ்சப்புறம் ஒரு மேனேஜர் போன்ல அட்டெண்டன்ஸ மாத்தச் சொன்னா? மெயில்ல அப்ரூவல் கேப்பேன், அடுத்த மாசம் அரியரா போடுவேன். யார் சம்பளத்தையும் யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறதுல மட்டும் கொஞ்சமும் தயங்காதீங்க, பழைய கம்பெனிக்காரங்க சம்பளத்த உதாரணமாக்கூட சொல்லாதீங்க.

கடைசியில ஏதாவது கேக்கணுமான்னு கேப்பாங்க. எத்தன பேருக்கு பேரோல், எந்தெந்த ஸ்டேட், கட்-ஆஃப் எந்தத் தேதி, பிஎஃப் இஎஸ்ஐ சலான் நம்மளே போடுறமா வெண்டாரா, 15ம் தேதிக்குள்ள கட்டுறதுக்கு யார் பொறுப்புன்னு கேளுங்க.