பழைய புல்லட்டை வீட்லயே மாத்தணுமா? ஃப்ரேமை மட்டும் வெட்டிடாதீங்க

என் வண்டி 1986 மாடல் ஸ்டாண்டர்ட் 350. 1993ல செகண்ட் ஹேண்டா வாங்குனேன், அப்ப காலேஜ் முடிச்சு முதல் வேலைல சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகுது. அன்னைலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் அந்த வண்டில நான் செஞ்ச வேலை எல்லாமே வீட்டு வாசல்ல, ஒரு மரப்பலகையப் போட்டு உக்காந்து செஞ்சதுதான். பழைய காஸ்ட் அயர்ன் இஞ்சின் புல்லட்டை, அதாவது 2009, 2010 வாக்குல புது இஞ்சின் வர்றதுக்கு முன்னாடி ஓடுன, வலது காலால கியர் போடுற வண்டிய, கொஞ்சம் நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கணும்னு நிறைய தம்பிங்க கேக்குறாங்க. அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல ஒரே ஒரு விஷயம், மத்ததெல்லாம் இதுக்கப்பறம்தான். எதை மாத்துனாலும் அதைக் கழட்டிட்டு பழசையே திரும்ப மாட்ட முடியணும். ஃப்ரேம்ல பிளேடு படக்கூடாது, வெல்டிங் பொறி விழக்கூடாது. எங்க செட்டுல ஒருத்தன் பாபர் ஸ்டைல், அதாவது பின்பக்கத்தை வெட்டிக் குறைச்ச மாதிரி, வேணும்னு ஒரு ஒர்க்‌ஷாப்ல வண்டிய விட்டான், அவங்க பின்னாடி ஃப்ரேமை அறுத்து ஷாக் அப்சார்பர் இல்லாம பண்ணிக் குடுத்தாங்க, பாக்க சூப்பராத்தான் இருந்துச்சு, ஆனா ஆர்சி புதுப்பிக்க கொண்டு போனப்ப வண்டி பாஸ் ஆகல, திரும்ப பழையபடி ஆக்கவும் வழியில்ல. அந்த வண்டி இன்னும் அவன் வீட்டு ஷெட்டுல தார்ப்பாய் போத்திட்டு நிக்குது. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா ஓட்டுன வண்டி அது, அந்தப் பக்கம் போனா எனக்கு மனசே ஆறாது.

சட்டமும் இதைத்தான் சொல்லுது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, செக்‌ஷன் 52 படி கம்பெனி குடுத்த ஒரிஜினல் ஸ்பெசிஃபிகேஷன்ல இருந்து வண்டி மாறக்கூடாது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி பண்ணிருச்சு. அனுமதி இல்லாம மாத்துனா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் ஃபைன், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். 50 வருஷம் தாண்டுன வண்டிய விண்டேஜ்னு தனியா ரெஜிஸ்டர் பண்றதுக்கு 2021ல ரூல் வந்துச்சு, அதுக்கும் வண்டி ஒரிஜினலா இருக்கணும். அதனால இஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் பக்கம் எம்ரி பேப்பரே கொண்டு போகாதீங்க, பெயிண்ட்டையும் அது மேல கெட்டியா அடிக்காதீங்க. ஆர்டிஓல பென்சில் பிரிண்ட் எடுக்கும்போது எழுத்து தெளிவா விழணும். கலர் மாத்துறதா இருந்தா ஆர்சிலயும் மாத்திருங்க.

கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல ஃபோட்டோ எடுத்துத் தள்ளுங்க. கேபிள் எந்தப் பக்கமா வளைஞ்சு போகுது, ஒயர் எது எங்க சேருது, வாஷர் நட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, எல்லாமே. பேட்டரி ஒயரை முதல்ல கழட்டிருங்க. அப்பறம் ஸ்பேனர். பழைய புல்லட்ல நிறைய நட்டு விட்வொர்த்ங்கிற பழைய இங்கிலீஷ் இன்ச் அளவு, மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டா பொருந்துன மாதிரி இருக்கும், அழுத்துனதும் நழுவி மூலையெல்லாம் உருண்டு போயிரும். சென்னைல ஜிபி ரோட்டுல விட்வொர்த் செட் கேட்டு வாங்கிக்கோங்க, செலவு கொஞ்சம் ஆனாலும் வாங்குங்க. வராத நட்டுக்கு சுத்தியல் எடுக்காதீங்க, முதல் நாள் ராத்திரியே டீசல் விட்டு ஊற வச்சா காலைல பாதி தானா வந்துரும்.

மாத்துற வேலைய சீட்டுல இருந்து ஆரம்பிக்கலாம். பழைய புல்லட்டுங்க ஸ்பிரிங் வச்ச தனி சீட்டோடதான் வந்துச்சு, பின்னாடி உக்கார்றவங்களுக்கு தனியா ஒரு சின்ன சீட். அந்த மாடலுக்குப் போனீங்கன்னா கஸ்டம் லுக்கும் வந்துரும், வண்டிக்கு அந்நியமாவும் தெரியாது. இருக்கிற போல்ட் ஓட்டைலயே பிராக்கெட் மாட்டுற மாதிரி பண்ணுங்க. பில்லியன் சீட்டையும் சாரி கார்டையும் தூக்கிராதீங்க, பின் வீல்ல பாதிக்குக் குறையாம மறைக்கணும்னு ரூலே இருக்கு, அதை விடுங்க, அம்மா புடவையோட பின்னாடி உக்கார்ற வண்டி அது.

பின்னாடி மட்கார்டு சின்னதா இருந்தாத்தான் அழகுன்னு நெனச்சா உங்க மட்கார்டை வெட்டாதீங்க. சென்னைல பழைய வண்டி பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டைக்குப் போங்க. பழைய மட்கார்டு ஒண்ணு வாங்கி அதை வெட்டுங்க, ஒரிஜினலைத் துடைச்சு எண்ணெய் தடவி கோணில சுத்தி பரண்ல போட்டுருங்க. தொண்ணூறுகள்ல ஞாயித்துக்கிழமைன்னாலே எங்களுக்கு புதுப்பேட்டைதான். காலைல இட்லி சாப்ட்டுட்டு நாலு வண்டில போவோம், கடை வாசல்ல குவிச்சு வச்சிருக்கிற இரும்புல கைய விட்டுத் தேடுவோம், ஒரு நல்ல பழைய ஹெட்லைட் கேசிங் கெடச்சா அன்னைக்கு பூரா அதைப் பத்தியே பேச்சு. ஒரே ஒரு எச்சரிக்கை, இஞ்சின் கேஸ் மாதிரி நம்பர் அடிச்ச பார்ட்டை பில்லு இல்லாம வாங்காதீங்க, அது யார் வண்டில இருந்து வந்துச்சோ தெரியாது.

ஹேண்டில்பார் மாத்துறவங்க கேபிளை மறந்துருவாங்க. உயரமான பார் போட்டா கிளட்ச், ஆக்சிலேட்டர், முன் பிரேக், டீகம்ப்ரஷன் (கிக் பண்ணும்போது இஞ்சின் அழுத்தத்தைத் திறந்து விடுற லிவர்) எல்லா கேபிளும் நீளம் பத்தாது. மாட்டி முடிச்சதும் வண்டிய ஐட்லிங்ல விட்டு ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பாருங்க, இஞ்சின் சத்தம் துளி ஏறினாலும் கேபிள் இழுக்குதுன்னு அர்த்தம், அப்படியே ரோட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, வளைவுல திருப்பும்போது வண்டி தானா வேகம் எடுக்கும்.

பிரேக்குக்கு காசு ஒதுக்குங்க, பெயிண்ட்டுக்கு முன்னாடி. பழைய 6 இன்ச் முன் டிரம் இன்னைக்கு இருக்கிற டிராஃபிக்குக்குப் பத்தாது. அதே கம்பெனியோட 7 இன்ச் ட்வின் லீடிங் ஷூ ஹப், அதாவது ரெண்டு ஷூவும் சேர்ந்து கெட்டியா புடிக்கிற டிரம், கெடச்சா அதைப் போட்டு ஸ்போக் கட்டிக்கலாம், ஆர்டிஓல கேட்டுட்டு செய்ங்க. பழைய டிரம்மைத் திறந்ததும் உள்ள இருக்கிற தூசிய வாயால ஊதக்கூடாது, பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈரத்துணியால துடைச்சு அந்தத் துணிய கவர்ல கட்டிப் போட்டுருங்க. பெட்ரோல் டேங்க்ல ஓட்டை இருந்தா வீட்ல வெல்டிங் மிஷினை கிட்டயே கொண்டு போகாதீங்க, காலி டேங்க்குன்னு நெனப்பீங்க, உள்ள ஆவி இருக்கும், வெடிக்கும்.

பெயிண்ட் பத்தி அதிகமா சொல்றதுக்கில்ல, நல்ல பெயிண்டர்கிட்ட குடுங்க. ஆனா டேங்க்ல அந்த தங்கக் கோட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டாதீங்க. திருவொற்றியூர்ல 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டோட கூட்டு சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி இது, அங்க அந்தக் கோட்டை கைல பிரஷ் பிடிச்சு ஒரே இழுப்புல போடுவாங்க. கைல போடுற ஆள் இன்னும் இருக்காங்க, தேடிப் புடிங்க, அந்தக் கோடு ஒரு இடத்துல இம்மியளவு தடிச்சு ஒரு இடத்துல மெலிசா இருக்கும், அதுல ஒரு மனுஷன் கை தெரியும்.

சைலன்சர் மாத்தணும்னா உள்ள தடுப்பு இருக்கிறதா பாத்து வாங்குங்க, காதைக் கிழிக்கிற சத்தம் புல்லட்டோட சத்தமே இல்ல. காத்து சுலபமா வெளிய போற சைலன்சர் போட்டா பெட்ரோல் கலவை மெலிஞ்சு போயிரும், இஞ்சின் சூடாகும், அப்ப கார்புல பெட்ரோல் வர்ற ஓட்டையான மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏத்தணும். சரியா இருக்கான்னு பிளக்கைக் கேளுங்க. நல்லா ஓட்டிட்டு வந்து அதே வேகத்துல கிளட்ச்சைப் புடிச்சு இக்னிஷனை ஆஃப் பண்ணிட்டு ஓரங்கட்டி பிளக்கைக் கழட்டுங்க, பிஸ்கட் கலர்ல இருந்தா சரி, வெள்ளையா இருந்தா பெட்ரோல் பத்தல, கரிக்கட்டையா இருந்தா அதிகம். இதை ஆளில்லாத ரோட்டுல மட்டும் பண்ணுங்க.

இப்ப எனக்கு ரொம்பப் புடிச்ச வேலை. டேப்பெட்டும் பாயிண்ட்டும், அதாவது வால்வைத் திறக்கிற பார்ட்டோட அட்ஜஸ்ட்மென்ட்டும், பிளக்ல பொறி வர வைக்கிற சுவிட்ச்சும். இது ரெண்டும் தெரிஞ்சா அந்த வண்டி உங்களுது, தெரியலன்னா அது மெக்கானிக்கோடது.

டேப்பெட்டை இஞ்சின் நல்லா ஆறுனப்பறம்தான் பாக்கணும், நான் காலைல காபிக்கு முன்னாடியே உக்காந்துருவேன். பிளக்கைக் கழட்டிட்டு கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்ல, அதாவது ரெண்டு வால்வும் மூடியிருக்கும்போது, பிஸ்டனை மேல் உச்சிக்கு கொண்டு வாங்க, வலது பக்கம் டேப்பெட் கவரைத் திறங்க, வால்வைத் தள்ளுற ரெண்டு கம்பி, அதாவது புஷ்ராடு, நிக்கும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல புடிச்சு உருட்டுங்க. சுலபமா சுத்தணும், ஆனா மேல கீழ தூக்கிப் பாத்தா ஆட்டமே இருக்கக்கூடாது. அவ்ளோதான், இதுக்கு கேஜ் கிடையாது, விரல்தான். லாக் நட்டை இறுக்கும்போது அட்ஜஸ்ட்மென்ட் கொஞ்சம் நகரும், அதனால இறுக்கிட்டு திரும்பவும் உருட்டிப் பாருங்க, முதல் தடவைல யாருக்கும் சரியா வராது.

பாயிண்ட்டுக்கு வாங்க. மூடியக் கழட்டி, பாயிண்ட் முழுசா திறக்கிற வரைக்கும் இஞ்சினைச் சுத்தி, ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்குற மெல்லிய தகடு, விட்டுப் பாருங்க, 0.35ல இருந்து 0.40 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். அப்பறம் டைமிங். பிஸ்டன் மேல் உச்சிக்கு வர்றதுக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னாடி பாயிண்ட் திறக்க ஆரம்பிக்கணும். அந்த நொடியைக் கண்டுபுடிக்க சிகரெட் பேப்பர் போதும். பாயிண்ட் நடுவுல பேப்பரை வச்சு லேசா இழுத்துப் புடிச்சுக்கோங்க, இன்னொரு கைல இஞ்சினை மெதுவா முன்னாடி சுத்துங்க, பேப்பர் கெட்டியா நிக்கும், நிக்கும், திடீர்னு நழுவி கைக்கு வந்துரும். அந்த இடம்தான்.

இதை நான் கத்துக்கிட்டது கொல்லிமலைல. 1995, அஞ்சு புல்லட், சென்னைல ராத்திரி கெளம்பி உளுந்தூர்பேட்டை, ஆத்தூர் வழியா போய் விடிகாலைல மலை ஏறுனோம். காரவள்ளில இருந்து மேல 70 கொண்டை ஊசி வளைவு, பாதில என் வண்டி ரெண்டு இருமு இருமி நின்னுருச்சு. இன்னும் வெளிச்சம் வரல. எங்க கூட வந்த அண்ணன் ஒருத்தர், வயசுல எங்களவிட பத்து வருஷம் பெரியவர், டார்ச்சை என் கைல குடுத்துட்டு பாயிண்ட் மூடியத் திறந்தாரு. பாயிண்ட்டைத் தள்ளித் திறக்கிற ஹீல் தேஞ்சு கேப் சுத்தமா மூடிப்போச்சு. கேஜ் இல்ல, போஸ்ட் கார்டு ஒண்ணை விட்டு கேப் வச்சாரு, சிகரெட் பேப்பரை வச்சு டைமிங் பாத்தாரு, என்னையும் இழுத்துப் பாக்கச் சொன்னாரு, “இப்ப நழுவுச்சுல்ல, அதை ஞாபகம் வச்சுக்கடா”ன்னாரு. மூணாவது கிக்குல வண்டி எடுத்துச்சு. செம்மேட்டுல டீ குடிக்கும்போது என் விரல்ல அந்த கிரீஸ் வாசம் அப்படியே இருந்துச்சு. அவர் இப்ப இல்ல. ஒவ்வொரு தடவை அந்தப் பேப்பர் நழுவும்போதும் அவர் குரல்தான் எனக்குக் கேக்கும்.

எல்லாம் மாட்டி முடிச்சு முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது அவசரப்படாதீங்க. ஆயில் அளவு பாருங்க, ரொம்ப நாள் நின்ன வண்டின்னா ஆயில் டேங்க்ல இருந்து கிராங்க்குக்குள்ள இறங்கியிருக்கும், டிரெய்ன் பண்ணிட்டு புதுசா 20W50 ஊத்துங்க. இக்னிஷனை ஆன் பண்ணி கிக்கரை மெதுவா அழுத்துங்க, அம்மீட்டர் முள்ளு நடுவுக்கு வந்து கிக்கர் கெட்டியா நிக்கிற இடத்துல டீகம்ப்ரஷன் லிவரைப் புடிச்சு கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்குங்க, லிவரை விட்டுட்டு கிக்கரை மேல வரவிட்டு அப்பறம் முழு உதை. பாதில நிறுத்தி நிறுத்தி உதைச்சா திருப்பி அடிக்கும், கணுக்கால் போயிரும், ஷூ இல்லாம உதைக்கவே கூடாது.

முதல் ரவுண்டு தெருவுக்குள்ளயே ஓட்டுங்க, ரெண்டு பிரேக்கையும் தனித்தனியா புடிச்சுப் பாருங்க. 50 கிலோமீட்டர் ஓட்டுனதும் ஹேண்டில் கிளாம்ப், ரெண்டு ஆக்சில், இஞ்சின் மவுண்டிங், சீட்டு போல்ட் எல்லாத்தையும் ஒரு சுத்து இறுக்குங்க, 200ல இன்னொரு தடவை, புல்லட் அதிர்வுக்கு புது நட்டு எல்லாம் இளகும். கழட்டுன ஒரிஜினல் பார்ட்டுங்க இருக்கிற கோணில ஒரு அட்டை கட்டி, எது எங்கேந்து எடுத்ததுன்னு எழுதிப் போட்டுருங்க.