இரண்டு பரப்புக் காணியில் வீடு: யாழ். நகரில் தண்ணீருக்குத்தான் முதல் வரைபடம்

யாழ்ப்பாண நகரில் வீட்டு வரைபடம் என்றவுடன் அறை எத்தனை, விறாந்தை எந்தப் பக்கம் என்றுதான் பேச்சுத் தொடங்கும். தொடங்க வேண்டிய இடம் வேறு. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரிக்கு மட்டும் ஓடுவது. சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கிய மழைநீரைத்தான் கிணறுகள் தருகின்றன. மலக்குழியிலிருந்து கசிவதும் அதே வெடிப்புகளுக்குள்தான் இறங்குகிறது. வீட்டுக் கழிவுநீரை அள்ளிக்கொண்டு போகும் பொதுக் குழாய் இல்லாத நகரில், ஒவ்வொரு வளவும் தன் கிணற்றையும் தன் கழிவையும் ஒரே மதிலுக்குள் வைத்திருக்கிறது. ஆகவே கிணறு, கழிவுத் தாங்கி, மழைநீர் ஓடும் வழி ஆகியவற்றுக்கு இடம் குறித்த பிறகே வீட்டைக் கீறுங்கள்.

காணியை மாரியில் பாருங்கள்

கார்த்திகை, மார்கழியில் பெருமழைக்கு மறுநாள் காணிக்குப் போங்கள். ஆவணியில் பார்த்தால் எல்லாக் காணியும் நல்ல காணிதான். பக்கத்து மதிலில் படிந்த நீர்க்கறை எத்தனை அடியில் நிற்கிறது, ஒழுங்கைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே கோரைப்புல் அடர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 2008 நிஷா புயலிலும் 2020 புரெவியிலும் அங்கே தண்ணீர் எதுவரை வந்தது என்று அயலாரிடம் கேளுங்கள். ஆரியகுளம், புல்லுக்குளம் போன்ற குளங்களுக்கு அண்மையில் என்றால், குளத்துக்கு நீர் வரும் வாய்க்கால் காணிக்குள்ளால் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மண் போட்டு மூடிய வாய்க்கால் முதல் பெருமழையிலேயே தன் வழியைத் தேடி வரும்.

உறுதியில் பரப்பளவை மட்டும் வாசிக்காதீர்கள். ஒரு பரப்பு 10 பேர்ச். 16 பரப்பு ஓர் ஏக்கர். அதற்குக் கீழே வரும் ‘வழி வாய்க்கால்’ (பாதைக்கும் நீர் ஓடும் வழிக்கும் உள்ள உரிமை), ‘கிணற்றுப் பங்கு’ என்ற வரிகள்தான் வீட்டின் இடத்தையே மாற்றக்கூடியவை. கிணற்றில் அயலாருக்குப் பங்கு இருந்தால் அதை மூடவும் முடியாது, அவர்கள் வரும் வழியை மதிலால் அடைக்கவும் முடியாது. காணி பிரிபடாத பங்காக இருந்தால், தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டப்படி பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு (1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்). அதைத் தீர்த்து, நில அளவையாளரின் வரைபடத்தைக் கையில் எடுத்த பிறகு முற்பணம் கொடுங்கள்.

கிணறும் கழிவும்

அளவை வரைபடத்தின் பிரதி ஒன்றில் உங்கள் கிணற்றையும், சுற்றியுள்ள எல்லா வளவுகளின் கிணறுகளையும் புள்ளியிடுங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி 15 மீற்றரில் ஒரு வட்டம், 30 மீற்றரில் இன்னொரு வட்டம். ஊர் வழக்கில் சொல்லப்படும் 50 அடி உள்வட்டம். அது மண் தரைக்குப் பரவாயில்லை. வெடித்த சுண்ணக்கல்லில் கழிவுநீர் வடிகட்டப்படாமலே ஓடும் என்பதால் வெளிவட்டத்தைத் தாண்டுவதே நல்லது. 17 மீற்றருக்கு 30 மீற்றர் அளவான இரண்டு பரப்பில், பின்மூலையில் கிணறும் எதிர்ப்பக்க முன்மூலையில் கழிவுத் தாங்கியும் வைத்தால் இடையே 30 மீற்றர் அளவில் கிடைக்கும். ஒரு பரப்பில் அது கிடைக்காது. அங்கே தாங்கியின் தரத்தில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

கக்கூசுக் குழியைக் கோடியில் வைப்பது பழைய பழக்கம். வளவுகள் பெரிதாக இருந்த காலத்தில் அது சரி. இப்போது உங்கள் கோடிக்கு மதிலுக்கு அப்பால் இருப்பது அடுத்தவரின் கிணற்றடி. தாங்கியை ஒழுங்கைப் பக்கம் வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: கழிவு உறிஞ்சும் பவுசரின் குழாய் வீட்டைச் சுற்றாமல் எட்டும்.

ஆறு பேர் உள்ள வீட்டுக்கு உள்ளளவு 2 மீற்றர் நீளம், 0.9 மீற்றர் அகலம், நீர் ஆழம் 1.2 மீற்றர் போதும். இது ஏறத்தாழ 2,160 லீற்றர். நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கில் ஒரு தடுப்புச் சுவர் வேண்டும். உள்வரும் குழாயைவிட வெளியேறும் குழாய் 5 முதல் 7.5 சென்ரிமீற்றர் தாழ்ந்திருக்க வேண்டும். இரண்டிலும் ‘ரீ’ (T வடிவக் குழாய்) துண்டு பூட்டி நீருக்குள் இறக்குங்கள். இல்லாவிட்டால் மேலே மிதக்கும் படை வெளியே போய் அடுத்த கட்டத்தை அடைத்துவிடும். காற்றுக் குழாயின் வாயில் நுளம்பு வலை கட்டுங்கள்.

தாங்கியின் அடியும் சுவரும் நீர் கசியாதவையாக இருக்க வேண்டும். இந்த இடத்தில் மேசனோடு வாதாட நேர்ந்தால் வாதாடுங்கள். அடியைத் திறந்துவிட்டு, சுவரில் கல்லுக்குக் கல் இடைவெளி விட்டுக் கட்டிய குழி ‘இருபது வருசமாக நிரம்பவே இல்லை’ என்று பெருமையாகச் சொல்லப்படும். நிரம்பாத குழி என்றால், உள்ளே போனதெல்லாம் நிலத்தடி நீருக்குப் போயிருக்கிறது என்றுதான் பொருள். பூசி முடிந்ததும் வாய்வரை தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் ஊறவிட்டு, மறுபடி நிரப்பி நீர்மட்டத்தில் கோடு போடுங்கள். 24 மணி நேரத்தில் கோட்டை விட்டுத் தெளிவாக இறங்கினால் மண் போட்டு மூட விடாதீர்கள். கல்லை வெடி வைத்து உடைக்கவும் வேண்டாம். வெடி புதிய வெடிப்புகளைத் திறக்கும். உடைக்கும் இயந்திரம் பிடித்தால் செலவு கூடும், ஆனால் சுற்றியுள்ள கல்லில் புதிய வெடிப்பு விழாது.

தாங்கியிலிருந்து வரும் நீரை ஆழக் குழிக்குள் விடாமல், நில மட்டத்திலோ சற்று உயர்த்தியோ அமைத்த மணல் பாத்திக்குள் விடுங்கள். 60 சென்ரிமீற்றர் மணல், அதன்மேல் சல்லியில் படுத்த துளைக் குழாய், மேலே மண், அதில் வாழை. மாரியில் கிணற்று நீர்மட்டம் மிக உயரும்போது, அந்த மட்டத்துக்கும் பாத்தியின் அடிக்கும் இடையே குறைந்தது ஒரு மீற்றராவது இருக்க வேண்டும். அதனால் ஆழத்தைப் புரட்டாசியில் அளந்து தீர்மானிக்கக் கூடாது.

கழிவிலிருந்து கிணற்று நீரில் கலக்கும் உப்பான நைத்திரேற்றைச் சோதிப்பியுங்கள். குடிநீரில் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. குழாய்க்கிணறு ஆழமாக அடிப்பதும் வேண்டாம். நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது: கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உவர் 40 அடி ஏறப் பார்க்கும். சிறிய மோட்டாரால் காலையும் மாலையும் சிறிது சிறிதாக இறைப்பதே பாதுகாப்பு.

மழைநீர்

100 சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் 100 லீற்றர். ஆண்டில் 1,200 மில்லிமீற்றர் பெய்து, அதில் 80 வீதத்தைப் பீலி பிடித்தால் 96,000 லீற்றர். நால்வருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 40 லீற்றர் என்றால் 5,000 லீற்றர்த் தாங்கி நான்கு மாதம் தாங்கும். முதல் மழையில் 100 லீற்றராவது வெளியே விட ஒரு திருப்பி வையுங்கள். காகத்தின் எச்சமும் சருகும் அதோடு போகட்டும். மிகுந்ததை நேரே கிணற்றுக்குள் விடாதீர்கள். சல்லி, மணல் நிரப்பிய ஊறுகுழிக்கு விடுங்கள். அது கழிவுப் பாத்தியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

முழு வளவையும் மண் போட்டு உயர்த்தினால் உங்கள் வெள்ளம் அயலார் வீட்டுக்குள் போகும். ஒழுங்கையின் நடு மட்டத்திலிருந்து 60 சென்ரிமீற்றர் உயரத்தில் வீட்டின் அத்திவாரத்தை மட்டும் எழுப்புங்கள். முற்றத்துக்குக் கொங்கிறீற் போடாதீர்கள்; கொங்கிறீற்றின் மேல் பதித்த இன்ரர்லொக் கல்லும் தண்ணீரை விடாது. மதிலின் அடியில், மழைநீர் இயல்பாக ஓடும் இடங்களில் துளைகள் விடுங்கள். படலைக்கு முன்னால் வீதி வாய்க்காலை மூடும்போது, 45 சென்ரிமீற்றர் வாய்க்காலுக்குள் 15 சென்ரிமீற்றர் பிவிசி குழாய் ஒன்றை வைத்துக் கொங்கிறீற் கொட்டுவதுதான் ஒழுங்கை முழுவதும் வெள்ளம் நிற்கக் காரணமாகும் தவறு. வாய்க்காலின் முழு அகலத்தையும் விட்டு, தூக்கி எடுக்கக்கூடிய பலகைக் கற்களாக மூடுங்கள். குசினி நீரையும் அந்த வாய்க்காலில் விடக் கூடாது. அது குளத்துக்கும் கடல்நீரேரிக்கும் போவது.

அனுமதி

உறுதி, அளவை வரைபடம், வீதிக்கோட்டுச் சான்றிதழ் மூன்றும் கையில் இருந்தால் மாநகர சபையில் பாதி அலைச்சல் குறையும். வீதியை அகலிக்கக் குறித்த கோடு காணிக்குள் விழுந்தால் மதிலையும் தாங்கியையும் அதற்கு உள்ளே தள்ள வேண்டும். இதைத் தெரியாமல் கீறினால் முழு வரைபடமும் திரும்பி வரும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகள் 2021இல் மாற்றப்பட்டன. பழைய அளவுகளை மனப்பாடமாகச் சொல்லும் வரைஞரிடம், பின்புற இடைவெளியையும் கட்டிடம் மூடும் வீதத்தையும் புதிய விதிப்படி எழுதித் தரச் சொல்லுங்கள். அனுமதி கிடைக்க முதல் அத்திவாரம் வெட்டாதீர்கள். கிணறும் தாங்கியும் மாற்றப்பட்டால் திருத்திய வரைபடத்தைக் கொடுங்கள்; வேலை முடிந்து இணக்கச் சான்றிதழுக்குப் பரிசோதிக்க வரும்போது வரைபடத்தில் உள்ளதுதான் நிலத்திலும் இருக்க வேண்டும்.

தாங்கியை மூட முதல் மூடியின் இடத்தை இரண்டு சுவர்களிலிருந்து அளந்து, படமெடுத்து, உறுதியோடு வையுங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பவுசர் வரும்போது முற்றத்தைக் கிண்டித் தேட வேண்டியிராது.