மேய்ந்த கோழி என்றால் முட்டை சுத்தமா?

கூண்டில் வளர்த்தால் நஞ்சு, மேயவிட்டால் சுத்தம் என்று முடிவு கட்டிவிடுவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. மேயும் கோழி புழு பூச்சியோடு மண்ணையும் சேர்த்துத்தான் விழுங்குகிறது. அந்த மண்ணில் பிளாஸ்டிக் குப்பை எரித்த சாம்பல் கிடந்தால் அதிலுள்ள டையாக்சின் என்ற நஞ்சு கோழியின் கொழுப்பில் தங்கி, மஞ்சள் கருவுக்கு வந்துவிடும். மண்ணை மிதிக்காத கூண்டுக்கோழிக்கு இந்த வழி இல்லை. அதற்காகக் கோழியை அடைத்துப் போடச் சொல்லவில்லை, மேயும் இடத்தைப் பாருங்கள் என்கிறேன். குப்பை எரித்த மூலை, பழைய பெயின்ட் உரிந்து கொட்டும் சுவரோரம், உடைந்த பேட்டரி கிடந்த இடம், மூன்றுக்கும் வேலி போட வேண்டும். பின் இரண்டிலும் ஈயம் இருக்கும். மாடுகள் அதை நக்கவும் செய்யும்.

சரி, கொட்டகைக்குள்ளேயே வைத்தால் கவலை விட்டதா? 1999-ல் பெல்ஜியத்தில் தீவனத்துக்கான கொழுப்பில் பிசிபி என்ற நச்சு ரசாயனம் கொண்ட எண்ணெய் கலந்துபோய், கோழியையும் முட்டையையும் கடைகளிலிருந்து எடுக்க வேண்டி வந்தது. 2017-ல் ஐரோப்பாவில் கோழிப்பேன் ஒழிக்க அடித்த மருந்தில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி இருந்ததால் லட்சக்கணக்கான முட்டைகள் வீணாயின.

அடுத்தது பூஞ்சை. நாம் தொடாத பூசணம் பிடித்த சோளத்தையும் கடலைப் புண்ணாக்கையும் ‘மாடுதானே’ என்று போட்டுவிடுகிறோம். அதிலுள்ள அஃப்லாடாக்சின் பி1 என்ற பூஞ்சை நஞ்சு, மாட்டின் ஈரலில் எம்1 என்ற இன்னொரு வடிவமாக மாறி, ஒரே நாளில் பாலில் இறங்கிவிடும். காய்ச்சினாலும் போகாது. பூசணத்தைத் தட்டிவிட்டு வெயிலில் காயவைப்பதும் வீண்வேலை, பூஞ்சை செத்தாலும் நஞ்சு அப்படியே இருக்கும். ஒரு நல்ல விஷயம், அந்தத் தீவனத்தை நிறுத்தினால் சில நாளில் பால் தெளிந்துவிடும். மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகைமேல் அடுக்குங்கள். பூசணம் பெரும்பாலும் அடிமூட்டையில், சுவரைத் தொட்ட பக்கத்தில்தான் தொடங்கும்.

அப்புறம் மருந்து. மாடு தேறிவிட்டது, பாலும் வெள்ளையாகத்தான் இருக்கிறது என்று கறந்து விற்பது தவறு, மருந்தின் மிச்சம் பாலில் இருக்கும். பாலை விற்காமல் காத்திருக்க வேண்டிய நாள் மருந்துக்கு மருந்து மாறும், லேபிளில் இருக்கும். கடைசி வேளை மருந்திலிருந்து அதை எண்ண வேண்டும், முதல் ஊசியிலிருந்து அல்ல. மடிநோய்க்கு ஒரு காம்பில் மட்டும் மருந்து ஏற்றியிருந்தாலும் அது ரத்தத்தில் கலந்து மற்ற காம்புகளுக்கும் போகும். அதனால் நான்கு காம்பின் பாலையும் ஒதுக்க வேண்டும். அந்தப் பாலைக் கன்றுக்கும் ஊட்டாதீர்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் அதன் குடலில் வளர அதுவே போதும்.