திரையில் கொழுந்துப் பச்சை, தாளில் முற்றல் பச்சை: நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தேர்த் திருவிழாவுக்கு முதல் தடவை நோட்டீஸ் செய்தபோது, பின்னணிக்குத் தேயிலை மலைப் படம் போட்டேன். திரையில் கொழுந்து மின்னியது. ஹட்டனில் அச்சடித்து வந்த கட்டைப் பிரித்தால் முற்றிய இலை நிறம். நீல வானம் கத்தரிப்பூ நிறம். அச்சகத்தார் மேல் பிழையே இல்லை.

காரணத்தை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். போனில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, ஒரு சின்னத் தண்ணீர்த் துளி வையுங்கள். துளிக்குள் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் தெரியும். அப்புறம் பத்திரிகையின் வண்ணப் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜெந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்புப் புள்ளிகள். திரை தானே ஒளி வீசுகிறது. மூன்றும் முழுதாகச் சேர்ந்தால் வெள்ளை. தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது. மேலே விழும் ஒளியில் ஒரு பங்கை மை விழுங்கிவிட, மிச்சம்தான் கண்ணுக்கு வருகிறது. அதனால் திரையின் சில பளிச் நிறங்களை இந்த நான்கு மைகளால் எட்டவே முடியாது.

சரி, வேலைக்கு வருவோம்.

1. திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். பக்கத்தில் வைத்த வெள்ளைத் தாள் அளவுக்கு இருந்தால் போதும்.

2. அச்சகத்தில் எந்த வண்ண புரொஃபைல் (அச்சில் நிறம் எப்படி வரும் என்று கணினிக்குச் சொல்லும் கோப்பு) என்று கேட்டு, படம் செய்யும் மென்பொருளில் அதைத் தெரிவு செய்யுங்கள். இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டாவிலும் ஃபோட்டோஷாப்பிலும் கன்ட்ரோல்+வை அழுத்தினால் அச்சில் வரப்போகும் நிறம் தெரியும். ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் மை எட்டாத இடங்களைக் காட்டும். என் படத்தில் கொழுந்து முழுவதுமே அதில் மாட்டியது.

3. எட்டாத பச்சையைத் தணியுங்கள். நீலத்தில் மெஜெந்தா, சயானைவிட 30 வீதப் புள்ளியாவது குறைவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஊதா தட்டும்.

4. சிறிய எழுத்துகளுக்குக் கறுப்பு மை மட்டும், 100 வீதம். நான்கு மையும் கலந்தால், அச்சில் ஒரு மை மற்றதிலிருந்து கொஞ்சம் விலகி விழுந்தாலே எழுத்தோரம் கலங்கும்.

வீட்டு பிரிண்டரில் அடிப்பதென்றால் திரையின் சிவப்பு, பச்சை, நீல நிறமுறையை நான்கு மை முறைக்கு மாற்றாமல் அப்படியே அனுப்புங்கள். பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரே மாற்றிக்கொள்ளும்.

கடைசியாக, அச்சடிக்கப் போகும் அதே தாளில் ஒரு மாதிரி கேளுங்கள். பளபளப்பில்லாத தாள் மையை உறிஞ்சி நிறத்தை மங்க வைக்கும். மாதிரியைக் கடையின் டியூப்லைட்டுக்குக் கீழ் பார்த்து முடிவெடுக்காதீர்கள், வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பிடித்திருந்தால் அதிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மிச்சத்தை அதோடு ஒப்பிட்டு அடிப்பார்கள்.